சூப்பர் ஹீரோ படங்களில் ஈஸ்டர் எக் பிடிப்பது எப்படி?

கேள்வி: மார்வெல், டிசி படங்களை ஓடிடியில் தமிழ் டப்பிங்கில் பார்க்கிறேன். படம் வந்த மறுநாளே ‘நீங்கள் கவனிக்காத ஐம்பது ஈஸ்டர் எக்’ என்று யூடியூபில் போட்டுவிடுகிறார்கள். அதில் ஒன்றுகூட என் கண்ணில் பட்டதில்லை. நான் காமிக்ஸ் படித்து வளர்ந்தவனும் இல்லை. நானே இவற்றைக் கண்டுபிடிக்க முடியுமா? அவர்கள் சொல்வதில் எது உண்மை, எது அடித்துவிடுவது?

பதில்: முடியும். ஈஸ்டர் எக் என்பது படம் எடுத்தவர்கள் ரசிகர்களுக்காகக் காட்சிக்குள் ஒளித்துவைக்கும் குறிப்பு. காமிக்ஸ் அறிவைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம், முதலில் கண் பழக வேண்டும். முதல் தடவை பார்க்கும்போது எதையும் தேடாதீர்கள், கதை கைநழுவிப் போகும். இரண்டாம் தடவை நடிகரின் முகத்தை விட்டுவிட்டு அவருக்குப் பின்னால் இருப்பதைப் பாருங்கள். ஈஸ்டர் எக்குகளில் பாதிக்கு மேல் கலை இயக்குநரின் ஆட்கள் செட்டில் வைக்கும் பொருள்கள்தான்: வண்டி நம்பர், கடைப் பலகை, செய்தித்தாள், கரும்பலகை, கல்லறைக் கல், கடிகாரம். எழுத்தோ எண்ணோ தெரிந்தால் உடனே பாஸ் போடுங்கள்.

இவற்றில் நிறையக் கிடைக்கும் இடம் நம்பர் பிளேட். ‘ஸ்பைடர்மேன்: ஃபார் ஃப்ரம் ஹோம்’ (2019) படத்தில் ஒரு காரின் எண் ஏ.எஸ்.எம். 28965. மூன்று எழுத்தும் ‘அமேசிங் ஸ்பைடர்மேன்’ என்ற தொடரின் சுருக்கம். எண்ணை 28, 9, 65 என்று பிரியுங்கள். 28ஆம் இதழ், செப்டம்பர் 1965. உருகிய உலோக உடம்புள்ள மோல்டன் மேன் அறிமுகமான இதழ் அது. படத்தில் வரும் நெருப்பு ராட்சதன் யாருடைய சாயல் என்பதற்கு விடை அந்த நம்பரிலேயே இருக்கிறது. எழுத்துகள் தொடர் பெயரின் சுருக்கமாக இருந்தால் பின்னால் வரும் எண்ணை இதழ், மாதம், வருடம் என்று பிரித்துப் பாருங்கள். ‘அமேசிங் ஸ்பைடர்மேன் 2’ (2014) படத்தில் ஸ்பைடர்மேனின் காதலி க்வென் சாகும் மணிக்கூண்டுக் காட்சியில் கடிகார முள் 1:21இல் நிற்கும். காமிக்ஸில் அவள் செத்தது 121ஆம் இதழில், ஜூன் 1973.

இதற்காக எல்லா இதழ்களையும் தேடிப் படிக்க வேண்டாம். சில அறிமுக இதழ்களை மனதில் வைத்துக்கொண்டால் போதும். சூப்பர்மேன்: ஆக்ஷன் காமிக்ஸ் 1, 1938. பேட்மேன்: டிடெக்டிவ் காமிக்ஸ் 27, 1939. ஸ்பைடர்மேன்: அமேசிங் ஃபேன்டஸி 15, 1962. அயர்ன்மேன்: டேல்ஸ் ஆஃப் சஸ்பென்ஸ் 39, 1963. பிளாக் பேந்தர்: ஃபென்டாஸ்டிக் ஃபோர் 52, 1966. இங்கே பலரும் ஒரு விஷயத்தில் சறுக்குகிறார்கள். பழைய அமெரிக்க காமிக்ஸ் அட்டையில் அச்சான மாதமும் கடைக்கு வந்த மாதமும் ஒன்றல்ல. ஆக்ஷன் காமிக்ஸ் முதல் இதழின் அட்டையில் ஜூன், கடைக்கு வந்ததோ ஏப்ரலில். மேலே பார்த்ததுபோன்ற எண்களில் இருப்பது அட்டைத் தேதி. கணக்கு ஒன்றிரண்டு மாதம் இடித்தால் முதலில் அதைச் சரிபாருங்கள்.

எல்லாக் குறிப்பும் காமிக்ஸைப் பற்றியது என்றும் நினைக்காதீர்கள். ‘கேப்டன் அமெரிக்கா: தி வின்டர் சோல்ஜர்’ (2014) படத்தில் நிக் ஃப்யூரியின் கல்லறையில் பைபிளின் எசேக்கியேல் 25:17 பொறித்திருக்கும். ஃப்யூரியாக நடித்த சாமுவேல் எல். ஜாக்சன் ‘பல்ப் ஃபிக்ஷன்’ (1994) படத்தில் முழங்கிய வசனம் அது. அதே வின்டர் சோல்ஜரில் கேப்டன் தான் பனியில் உறைந்து கிடந்த காலத்தில் தவறவிட்டதையெல்லாம் குறித்து வைத்திருக்கும் நோட்டு நாட்டுக்கு நாடு மாறும், பட்டியலின் முதல் சில வரிகளை அந்தந்த ஊருக்கேற்ப மாற்றி வெளியிட்டார்கள். யூடியூப்காரர் காட்டுவதும் உங்கள் திரையில் இருப்பதும் ஒத்துப்போகாவிட்டால் இரண்டுமே சரியாக இருக்கலாம்.

இனி உங்கள் டிவியையும் ஓடிடியையும் பார்ப்போம். டப்பிங்கில் முதலில் அடிபடுவது வார்த்தை விளையாட்டு. காமிக்ஸில் பிரபலமான வரியை அப்படியே பேசும் இடங்கள் உதட்டசைவுக்காக வேறாகிவிடும். இரண்டாம் தடவை ஆங்கில ஒலி, ஆங்கில சப்டைட்டில் வைத்துப் பாருங்கள். டேட்டா சேவரை அணைத்துவிடுங்கள், சின்ன எழுத்துகள் குழைவதற்குப் பெரும்பாலும் அதுதான் காரணம். தள்ளித் தள்ளிப் பார்க்கும்போது முதல் சில நொடிகள் படம் மங்கலாகத்தான் வரும். பத்து நொடி முன்னாலிருந்து ஓடவிட்டு, தெளிந்த பிறகு நிறுத்துங்கள். டிவியில் ஜூம் போட்டிருந்தால் ஓரங்கள் வெட்டுப்படும், ஓரத்தில்தான் பாதிப் பொருள் கிடக்கும். ஓடிடியில் ஸ்க்ரீன்ஷாட் எடுத்தால் பல செயலிகளில் கறுப்பாகவே விழும். அது திருட்டுத் தடுப்பு ஏற்பாடு, உங்கள் போனில் கோளாறு இல்லை. நிமிடத்தையும் நொடியையும் எழுதி வையுங்கள்.

டிரெய்லருக்கு யூடியூப் கணினியில் வசதியானது. பாஸ் செய்துவிட்டு முற்றுப்புள்ளி விசையை அழுத்தினால் ஒரு ஃப்ரேம் முன்னே போகும், காற்புள்ளி அழுத்தினால் பின்னே வரும். ஒரு நொடிக்கு 24 ஃப்ரேம் என்பதால் பொறுமையாகத் தட்டுங்கள். ஆனால் டிரெய்லரை வைத்துப் பந்தயம் கட்டாதீர்கள். ‘இன்ஃபினிட்டி வார்’ (2018) டிரெய்லரில் பிளாக் பேந்தரின் நாடான வகாண்டாவில் ஹல்க் ஓடிவருவார். படத்தில் அந்தக் காட்சியே கிடையாது.

கிரெடிட்ஸ் ஓடும்போது அடுத்த படத்துக்குத் தாவும் ஆட்டோபிளேயை நிறுத்துங்கள். ‘எண்ட்கேம்’ (2019) கிரெடிட்ஸின் முடிவில் காட்சி எதுவும் இல்லை, சுத்தியல் அடிக்கும் சத்தம் மட்டும் கேட்கும். ‘அயர்ன்மேன்’ (2008) படத்தில் குகைக்குள் டோனி ஸ்டார்க், அதாவது அயர்ன்மேன், தன் முதல் கவசத்தை அடித்துச் செய்த சத்தம் அது. ‘தி பேட்மேன்’ (2022) முடிவில் ஓர் இணைய முகவரி கண்சிமிட்டும் நேரத்துக்கு மின்னி மறையும்.

அடித்துவிடுவது எது என்பதற்கு எங்கள் அளவுகோல் கறாரானது. ஒற்றை எண்ணை மட்டும் காட்டினால் நம்பாதீர்கள். எந்த எண்ணை எடுத்தாலும் ஏதோ ஒரு காமிக்ஸ் இதழ் மாட்டத்தான் செய்யும். எண்ணோடு தொடரின் பெயரோ, காட்சியில் அதே சம்பவமோ, அதே பாத்திரமோ சேர்ந்து வரவேண்டும். மணிக்கூண்டில் 1:21 நிற்பது க்வென் சாகும் காட்சியில் என்பதால்தான் அதற்கு மதிப்பு. சில சமாசாரங்கள் பிறகு ஒட்டவைத்தவை. ‘அயர்ன்மேன் 2’ (2010) படத்தில் முகமூடி போட்டு நிற்கும் சிறுவன் பீட்டர் பார்க்கர்தான், அதாவது பின்னாளில் ஸ்பைடர்மேன் ஆகிறவன்தான் என்று 2017இல்தான் ஸ்பைடர்மேனாக நடிக்கும் டாம் ஹாலண்ட் சொன்னார். ரசிகர்கள் பேசிப் பேசி உண்டான கதை அது. படம் எடுத்தபோது ஒளித்துவைத்தது என்று யாராவது சொன்னால் தள்ளிவிடுங்கள்.

பழகுவதற்கு ‘ஸ்பைடர்மேன்: இன்டு தி ஸ்பைடர்வெர்ஸ்’ (2018) நல்ல படம். தொடங்கியதுமே காமிக்ஸ் கோட் முத்திரை ஒன்று வரும். அமெரிக்க காமிக்ஸ் பதிப்பகங்கள் 1954இல் தங்களுக்குத் தாங்களே போட்டுக்கொண்ட தணிக்கை அது, 2001இல் மார்வெல் அதைக் கைவிட்டது. பிறகு படத்தின் நாயகன் மைல்ஸைக் கடிக்கும் சிலந்தியை நிறுத்திப் பாருங்கள், உடம்பில் 42 தெரியும். 2011 காமிக்ஸிலும் சிலந்தியின் எண் அதுவே. வெறும் மரியாதைக் குறிப்பு என்றுதான் பலரும் அதைக் கடந்து போனார்கள். அடுத்த பாகத்தில் (2023) அந்தச் சிலந்தி 42ஆம் எண் உலகத்திலிருந்து தவறி வந்தது என்று தெரிய, கதையின் முடிச்சே அந்த எண்ணில்தான் விழுந்தது.