லண்டனில் புத்தகக் கடைகள் இன்னும் இருக்கின்றனவா?

தம்பி, முதுகலைப் படிப்புக்காக லண்டனுக்கு வரவிருப்பதாகவும், இங்கே புத்தகக் கடைகள் எல்லாம் மூடப்பட்டுவிட்டதாகக் கேள்விப்பட்டதால் ஆங்கில நூல்களை யாழ்ப்பாணத்திலிருந்தே கட்டிக்கொண்டு வரலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம், பெட்டியில் இடமிருந்தால் தமிழ் நூல்களை நிரப்புங்கள். ஆங்கில நூல்களுக்கு இந்த நகரில் இன்றும் பஞ்சமில்லை. கடைகளின் எண்ணிக்கையும் இயல்பும்தான் மாறியிருக்கின்றன.

நான் எண்பதுகளின் நடுவில் வந்தபோது சாரிங் கிராஸ் வீதியின் இருபுறமும் புத்தகக் கடைகள் நிறைந்திருந்தன. அவற்றுள் பெரியதான ஃபொய்ல்ஸில் நூல்களை ஆசிரியர் பெயர்ப்படி அடுக்காமல் பதிப்பகங்களின்படி அடுக்கியிருந்தார்கள். ஆகவே தேடும் நூலை யார் வெளியிட்டார்கள் என்று தெரியாதவர் அதைக் கண்டுபிடிப்பது அரிது. கண்டுபிடித்தாலும் ஒரு வரிசையில் நின்று துண்டு எழுதி வாங்கி, காசாளரிடம் இன்னொரு வரிசையில் நின்று பணம் கட்டி, மறுபடியும் முதல் இடத்துக்கே வந்து மூன்றாம் முறை நின்றால்தான் நூல் கைக்கு வரும். ஊரில் கச்சேரி என்ற அரச அலுவலகத்தில் ஒரு பத்திரம் எடுப்பதற்குக்கூட இவ்வளவு அலைச்சல் இருந்ததில்லை. ஆயினும் உரிமையாளர் கிறிஸ்டினா ஃபொய்ல் 1999இல் காலமாகும்வரை அந்த முறை நீடித்தது. நாங்களும் முணுமுணுத்துக்கொண்டே போய்வந்தோம்.

கடைகள் குறைந்ததற்கு எல்லோரும் அமேசனைத்தான் குற்றம் சொல்வார்கள். அதற்கு முன்பே அடித்தளம் ஆட்டம் கண்டுவிட்டது. பதிப்பகம் நிர்ணயித்த விலைக்குக் குறைவாக எந்தக் கடையும் விற்கக் கூடாது என்று 1900 முதல் இருந்துவந்த உடன்படிக்கை 1995இல் குலைந்தது. அதன்பின் பெரும் பல்பொருள் அங்காடிகள் அதிகம் விற்கும் நூல்களைப் பாதி விலைக்குக் கொடுக்கத் தொடங்கின; அந்த நூல்களின் வருமானத்தில்தான் மற்ற நூல்களையும் வாங்கி வைத்திருந்த சிறிய கடைகளால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. அமேசன் 1998இல் இங்கே வந்து மீதியைப் பார்த்துக்கொண்டது. காப்பிக் கடையோடு வந்து எங்களையெல்லாம் மணிக்கணக்கில் உட்கார வைத்த போர்டர்ஸ்கூட 2009 டிசம்பரில் தன் பிரித்தானியக் கடைகள் அனைத்தையும் மூடிவிட்டது. பிரித்தானியாவிலும் அயர்லாந்திலும் சேர்த்து, பெரும் நிறுவனங்களின் கிளையாக இல்லாத சுயாதீனக் கடைகள் 2016இல் 867 ஆகக் குறைந்திருந்தன.

நீங்கள் கேள்விப்பட்டது அந்தக் காலத்துச் செய்தியாக இருக்க வேண்டும். 2022க்குள் அந்த எண்ணிக்கை மீண்டும் ஆயிரத்தைக் கடந்துவிட்டது. நாடெங்கும் கிளைகள் கொண்ட புத்தகக் கடை நிறுவனமான வோட்டர்ஸ்டோன்ஸின் பொறுப்பை 2011இல் ஏற்ற ஜேம்ஸ் டோண்ட், பதிப்பகங்களிடம் பணம் வாங்கிக்கொண்டு அவர்களுடைய நூல்களை முன்வரிசையில் வைக்கும் வழக்கத்தை நிறுத்தி, எதை வைப்பது என்ற முடிவை அந்தந்தக் கிளையினரிடமே விட்டார். சிறிய கடைகளை விழுங்கி வளர்ந்த நிறுவனம் ஒரு சிறிய கடையைப் போல் நடந்துகொண்டுதான் பிழைத்தது என்பதில் எனக்கு ஒரு குரூரத் திருப்தி உண்டு. 2018இல் ஃபொய்ல்ஸையும் அதுவே வாங்கிவிட்டது.

புளூம்ஸ்பெரிப் பக்கம் படிக்கப் போகிறீர்கள் என்பதால், கவர் வீதியில் முன்பு டில்லன்ஸ் புத்தகக் கடை இருந்த கட்டடத்திலுள்ள வோட்டர்ஸ்டோன்ஸுக்கு முதலில் செல்லுங்கள். பாடநூல்களைப் புதிதாக வாங்குமுன் பழைய நூல்கள் விற்கும் கடைகளான மார்ச்மொண்ட் வீதியிலுள்ள ஜட் புக்ஸையும், அருகிலேயே உள்ள ஸ்கூப் புக்ஸையும், ஒக்ஸ்பாம் தொண்டு நிறுவனத்தின் கடைகளையும் பார்த்துவிடுங்கள்.

தமிழுக்கு இப்படி ஒரு வீதி லண்டனில் எக்காலத்திலும் இருந்ததில்லை. ஈஸ்ட் ஹாமிலும் டூட்டிங்கிலும் மளிகைக் கடைகளில், வாழைக்காய்ப் பெட்டிக்கு மேலே, மாதம் பிந்திய சஞ்சிகைகளும் சில நாவல்களும் தொங்கும். அவையும் இணையம் வந்தபின் மறைந்துவிட்டன. பழைய நூல்களுக்கு, கீழைத்தேய, ஆபிரிக்கக் கல்விக்கான லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியான சோவாஸின் நூலகமும் பிரித்தானிய நூலகமும் இருக்கின்றன. ஈழத்து நூல்கள் பலவற்றை, அவற்றை மின்வடிவில் சேர்த்துவைக்கும் ‘நூலகம்’ என்ற இணையத்தளத்திலேயே படிக்கலாம். புதிதாக வரும் நூல்களுக்குத்தான் சிரமம். சென்னையிலிருந்து ஒன்றிரண்டாகத் தபாலில் வரவழைத்தால் அனுப்பும் செலவு நூலின் விலையை மிஞ்சிவிடும் என்பதால், நாங்கள் சிலர் சேர்ந்து ஒரே பொதியாக வரவழைக்கிறோம். வந்து சேர்ந்ததும் உங்கள் பட்டியலையும் கொடுங்கள்.