முன்னே போகிறவரும் பின்னே வருகிறவரும்

கேள்வி: எனக்கு 44 வயது, கணவருக்கு 51. வெப்பமண்டல நாடுகள் வழியாக இரண்டு மாதம் சைக்கிளில் பயணம் செய்ய வேண்டும் என்பது எங்கள் நெடுநாள் ஆசை. நாளுக்கு 80 கிலோமீட்டர் என்று திட்டமிட்டுப் பத்து நாள் ஒத்திகைப் பயணம் போனோம். அவர் எப்போதும் முன்னால் போய்விடுவார். நான் மூச்சிரைக்கப் பின்னால் போய்ச் சேருவேன். நான்காம் நாள் மதியம் எனக்குத் தலைவலியும் குமட்டலும் வந்தன. "தண்ணீர் குடி, சரியாகிவிடும்" என்றார். குடித்துக்கொண்டே இருந்தேன், வாந்திதான் வந்தது. விரலில் மோதிரம் கழற்ற முடியாதபடி இறுகிவிட்டது. எனக்குப் பயிற்சி போதாது என்கிறார். இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடும் அவரே களைக்காமல் ஓட்டுகிறார். நான் இன்னும் பயிற்சி எடுக்க வேண்டுமா, ஆசையையே விட்டுவிடுவதா?

பதில்: அன்புள்ள சகோதரி, ஆசையை விட வேண்டாம். விட வேண்டியது அந்த 80 கிலோமீட்டர் கணக்கைத்தான். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பயிற்சிக் குறைவைவிட, நீங்கள் இருவரும் ஓட்டும் முறையே உங்களைப் படுக்க வைத்திருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

ஒரு நிறுத்தத்தை மட்டும் நினைத்துப் பாருங்கள். அவர் பத்து நிமிடம் முன்னதாக மர நிழலுக்கு வந்து, தண்ணீர் குடித்து, முகம் கழுவி, வியர்வை அடங்கி உட்கார்ந்திருக்கிறார். நீங்கள் வந்து சேர்ந்து ஒரு காலைத் தரையில் ஊன்றும்போதே, "வந்துவிட்டாயா, புறப்படலாம்" என்று எழுந்துவிடுகிறார். ஒரு நாளில் எட்டு முறை இப்படி நடந்தால் அவருக்கு 80 நிமிட ஓய்வு கிடைக்கிறது. உங்களுக்கு அநேகமாக ஒன்றுமே இல்லை. அவர் வேண்டுமென்றே இப்படிச் செய்வதில்லை. முன்னால் போகிறவர் கண்ணுக்கு இது தெரிவதே இல்லை. ஆகவே, பின்னால் வருகிறவர் சைக்கிளை விட்டு இறங்கிய நேரத்திலிருந்துதான் ஓய்வைக் கணக்கிட வேண்டும் என்பதை முதல் விதியாக வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கேரியரில் இருக்கும் கூடாரம், கருவிகள், உபரித் தண்ணீர் ஆகியவற்றை அவர் வண்டிக்கு மாற்றிவிடுங்கள்; ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ எடை என்பதை ஏற்றத்தில் கால்கள் நன்றாகவே உணரும். சமதரையில் நீங்கள் முன்னால் போங்கள், அவர் உங்கள் வேகத்தில் பின்தொடரட்டும்.

வெப்பம் ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்று அவருக்கும் புரிய வேண்டும். பெடலை மிதிக்கும்போது உடல் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கே வண்டியை நகர்த்துகிறது. மற்றதெல்லாம் உடலுக்குள் வெப்பமாகத் தேங்குகிறது. அதை வெளியேற்றுவது வியர்வை. அதுவும் காய்ந்தால்தான் உடல் குளிரும், சொட்டி விழுந்தால் குளிராது. காற்றில் ஈரப்பதம் மிகுந்த பகுதிகளில் அது காய்வதே கடினம். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது எதிரே வரும் காற்றாவது உதவும். ஏற்றத்தில் வேகம் 7 கிலோமீட்டராகக் குறையும்போது அந்தக் காற்றும் நின்றுவிடும், உழைப்போ கூடும். மதிய ஏற்றம்தான் ஆளை வீழ்த்துகிறது.

தண்ணீர் விஷயத்தில் அவர் சொன்னது நல்லெண்ணத்தில்தான், ஆனால் அது பாதி உண்மையே. கடும் வெயிலில் ஓட்டும் ஒருவர் மணிக்கு ஒரு லிட்டரோ அதற்கு மேலோ வியர்வையாக இழக்கலாம். அதோடு உப்பும் போகிறது. அந்த நிலையில் வெறும் தண்ணீரை அளவின்றிக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் குறைந்து, தலைவலி, குமட்டல், வாந்தி, விரல் வீக்கம் எல்லாம் வரும். முற்றினால் வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அன்று உங்களுக்கு வந்தது அதுதான் என்று கடிதத்தை வைத்து நான் முடிவு செய்ய முடியாது. அதை மருத்துவரிடம் அப்படியே சொல்லுங்கள். பயணத்தில் தாகத்துக்கு ஏற்பக் குடியுங்கள், உப்புள்ள உணவைத் தவிர்க்காதீர்கள், ஓஆர்எஸ் பொட்டலங்கள் சில கையில் இருக்கட்டும். பொட்டலம் தீர்ந்துவிட்டால், ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துக்கொள்ளலாம்.

தூரத்துக்குப் பதிலாக நேரத்தைத் திட்டமிடுங்கள். பூமத்தியரேகைக்கு அருகில் ஆண்டு முழுவதும் பகல் ஏறத்தாழ 12 மணி நேரம்தான். அந்திப்பொழுதும் சட்டென்று இருட்டிவிடும். வெளுக்கத் தொடங்கியதும் புறப்பட்டு, பத்தரை மணிக்குள் நிழலில் இறங்கிவிடுங்கள். மாலையில் முடிந்தால் இரண்டு மணி நேரம் ஓட்டலாம். முடியாவிட்டால் அன்றைக்கு அவ்வளவுதான். உடல் வெயிலுக்குப் பழக ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும். அதற்குள் வியர்வை சீக்கிரம் சுரக்கவும் அதில் உப்புக் குறையவும் தொடங்கும். அதுவரை பாதித் தூரமே போதும். நீங்கள் நோயுற்ற நான்காம் நாள், இந்தப் பழக்கம் இன்னும் முழுமையாகாத நாள். ஃபேனி புல்லக் வொர்க்மன், வில்லியம் ஹண்டர் வொர்க்மன் என்ற அமெரிக்கத் தம்பதி 1890களின் இறுதியில் இந்தியாவில் பல்லாயிரம் மைல் சைக்கிள் ஓட்டியவர்கள். 1898 கோடையில் அவர்களும் வெயிலோடு மல்லுக்கட்டாமல் இமயமலைக்குப் போய்விட்டார்கள். அப்போது வில்லியமுக்கு வயது 51, உங்கள் கணவரின் வயதுதான்.

இருவரும் புறப்படும் முன் ஓர் ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள்: ஒருவர் "நிறுத்து" என்றால் மற்றவர் காரணம் கேட்கக் கூடாது. உடல் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும் வெப்பத் தாக்கில் முதலில் குழம்புவது அறிவுதான்; பேச்சு குழறுகிறவர், தள்ளாடுகிறவர், காரணமின்றி எரிந்து விழுகிறவர் "எனக்கு ஒன்றுமில்லை" என்றுதான் சொல்வார். அந்த நிலையில் அவரை நிழலில் கிடத்தி, உடல் முழுவதும் குளிர்ந்த நீரை ஊற்றி, விடாமல் விசிற வேண்டும்; தொட்டியோ ஓடையோ அருகில் இருந்தால், தலை மேலிருக்கும்படி தாங்கிப் பிடித்துக்கொண்டு கழுத்துவரை நீரில் அமிழ்த்துவது இன்னும் நல்லது. மருத்துவ உதவி வரும்வரை காத்திராமல் குளிர்விக்கத் தொடங்க வேண்டும். நினைவு தெளிவாக இல்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

இன்னொன்று, நீங்கள் ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிட்ட அவருடைய மாத்திரை. இரத்த அழுத்தத்துக்குத் தரும் மருந்துகளில் சில, சிறுநீரை அதிகமாகப் போக்கி நீரையும் உப்பையும் வெளியேற்றும். சில, இதயத் துடிப்பு வேண்டிய அளவு கூடாமல் தடுக்கும். இரண்டு வகையுமே கடும் வெயிலில் உடலின் தாங்கும் திறனைக் குறைக்கக்கூடும். களைப்பே தெரியாமல் முன்னால் போகிறவரையும் வெயில் தாக்கும் என்பதால், மாத்திரையைத் தானாக நிறுத்தாமல், பயணச்சீட்டு எடுக்கும் முன் அதன் அட்டையோடு உங்கள் மருத்துவரிடம் அவரை அழைத்துப் போங்கள். அதே நாளில் உங்கள் மோதிரத்தைப் பற்றியும் சொல்லிவிடலாம்.