க்ரீயில் ஒரு தாய்மாமன்

அன்புள்ள ஐயா,

எட்மண்டனில் வசிக்கிறேன். உடன் வேலை பார்க்கும், கனடாப் பழங்குடியான க்ரீ இனத் தோழியிடம் அவர்கள் மொழியில் சில சொற்கள் கற்றுவருகிறேன். தண்ணீருக்கு ‘நிபி’, அது நம் நீர். ‘நியா’ அப்படியே நம் நீ. க்ரீ தமிழிலிருந்து பிரிந்த மொழிதானா? நல்ல அகராதி எது?
க.

அன்புள்ள க.,

இல்லை. க்ரீ, வட அமெரிக்கப் பழங்குடி மொழிகளின் அல்கோங்கியக் குடும்பத்து மொழி. அதே குடும்பத்து ஒஜிப்வே மொழிக்கு நெருங்கிய சொந்தம். அகராதியா? உங்கள் ஊர் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தின் ‘இத்வேவினா’ இணையத்திலேயே இருக்கிறது.

‘நியா’ என்றால் நான். ‘கியா’தான் நீ. ‘நிபி’யைக் கொஞ்சம் நீட்டி ‘நீபி’ என்றால் அது இலை. குறில் நெடில் மாறினால் பொருள் மாறும் என்று ஒரு தமிழருக்கு நான் சொல்ல வேண்டியிருக்கிறது!

ஆனாலும் உங்கள் ஆசை எனக்குப் பிடித்திருக்கிறது. தேடிய இடம்தான் தப்பு. கொஞ்ச நாளாக நான் உறவுமுறைச் சொற்களைத்தான் புரட்டிக்கொண்டிருக்கிறேன். க்ரீயின் ஒரு கிளையான சமவெளி க்ரீயில் ‘நிசிஸ்’ என்றால் என் தாய்மாமன்; மாமனாரும் அதே நிசிஸ்தான். ‘நிசிகோஸ்’ அப்பாவின் சகோதரி, மாமியாரும் அவரே. அம்மா ‘நிகாவி’, அம்மாவின் சகோதரி ‘நிகாவீஸ்’, அதாவது சின்னம்மா. அக்கா ‘நிமிஸ்’, அண்ணன் ‘நிஸ்தேஸ்’. தம்பி தங்கைக்கு மட்டும் பொதுவாக ‘நிசீமிஸ்’.

நான் அரைக்கால் சட்டை போட்டுத் திரிந்த வயதில் அத்தை என்னை “வாங்க மருமகனே” என்றுதான் கூப்பிடுவார். கூடப் படித்த வடநாட்டுப் பையன் எனக்குக் கல்யாணம் ஆகிவிட்டதென்றே நம்பினான். அந்தக் காலத்து க்ரீ பையன் சட்டென்று புரிந்துகொண்டிருப்பான்.

நீங்கள் செய்த அதே தவற்றை அமெரிக்க மானிடவியலாளர் லூயிஸ் ஹென்றி மார்கன் பெரிய அளவில் செய்தார். 1859இல் இந்தியாவில் பணியாற்றிய மிஷனரி ஒருவர் மூலம் கிடைத்த தமிழ் உறவுமுறை விவரங்களைப் பார்த்ததும் அவருக்குத் தலைகால் புரியவில்லை. அமெரிக்கப் பழங்குடிகள் ஆசியாவிலிருந்து வந்ததற்கு இதுவே சான்று என்று 1871இல் தடித்த புத்தகமே போட்டார். விஷயம் அதைவிட எளிது. மாமன் மகளையோ அத்தை மகளையோ கட்டும் ஊரில் மாமன்தான் மாமனார். அங்கே இரண்டு சொல் எதற்கு? அந்த வழக்கம் வடக்கே சில க்ரீ குழுக்களிடம் இருந்தது. ரத்தத் தொடர்பே இல்லாத இரண்டு கூட்டம் ஒரே கல்யாண வழக்கத்தால் ஒரே மாதிரிப் பேச வந்திருக்கிறது. இதை விட்டுவிட்டு நீரையும் நிபியையும் பிடித்துத் தொங்குகிறீர்கள்.

சரி, போகட்டும். இனி சொல் பட்டியல் அனுப்பாதீர்கள். தோழியின் பாட்டி இருந்தால், தன் மாமனாரை என்னவென்று கூப்பிட்டார் என்று கேட்டு எழுதுங்கள்.