போர்டோவில் கொடியைப் பிடுங்குகிறார்களாமே? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் ஊரில் பன்னீர் திராட்சைக்கு அடிச்சாம்பல் நோய் வந்தால் போர்டோ கலவை அடிக்கிறோம். அது பிறந்த பிரான்ஸிலேயே அதற்குக் கட்டுப்பாடு என்கிறார்களே, ஏன்? – வாசகர், கம்பம்

பதில்: கேள்விப்பட்டது சரிதான். பிரான்ஸின் ஒயின் வட்டாரமான போர்டோவின் மெடாக் பகுதியில், வழிப்போக்கர்கள் பழத்தைப் பறிக்காமல் இருக்கப் பாதையோரக் கொடிகளில் மயில்துத்தமும் (செம்பு சல்பேட்) சுண்ணாம்பும் தெளித்து வைப்பார்கள். அந்தக் கொடிகளில் மட்டும் இலை உதிராமல் நிற்பதைக் கவனித்த தாவரவியலாளர் மில்லார்தே, 1885இல் அதையே மருந்தாக வெளியிட்டார். சிக்கல் செம்பில் இருக்கிறது. அது சிதைந்து போகாது. மேல்மண்ணிலேயே சேர்ந்து மண்புழுவை வாட்டும். அதனால்தான் ஐரோப்பிய ஒன்றியம், எக்டருக்கு 7 ஆண்டில் 28 கிலோ செம்பு என்று 2019இல் வரம்பு போட்டது. சராசரியாக ஆண்டுக்கு 4 கிலோ.

உங்கள் தோட்டத்துக் கணக்கில் பாருங்கள். மயில்துத்தத்தில் கால் பங்குதான் செம்பு. 100 லிட்டர் தண்ணீருக்கு மயில்துத்தம் 1 கிலோ, சுண்ணாம்பு 1 கிலோ என்ற ஒரு சதவீதக் கலவையை எக்டருக்கு 500 லிட்டர் அடித்தால், ஒரு தடவைக்கு 1.25 கிலோ செம்பு போகிறது. மூன்று தெளிப்பில் ஓர் ஆண்டுப் பங்கு தீர்ந்தது. மழை மிகுந்த ஆண்டிலோ அங்கே பத்துக்கு மேல் தெளிக்க வேண்டிவரும். ஆகவே இயற்கை முறைத் தோட்டக்காரர்கள் தடவைக்கு 300, 400 கிராம் செம்பு என்று குறைத்துக்கொண்டு, மழைக்கு முந்தின நாள் பார்த்து அடிக்கிறார்கள். 25 மி.மீ. மழை பெய்தால் மருந்து கழுவிக்கொண்டு போய்விடும். தெளித்த பிறகு விட்ட தளிருக்கும் காப்பு கிடையாது.

நோய் தாங்கும் கலப்பு ரகங்கள்தான் நீண்ட கால வழி. பழமைக்குப் பெயர்போன பிரெஞ்சு ஒயின் வட்டாரமான ஷாம்பெய்னே வோல்டிஸ் என்ற ரகத்தைச் சோதனைக்கு அனுமதித்திருக்கிறது. இந்த ரகங்களுக்கும் இரண்டு மூன்று தெளிப்பு தேவை. அடியோடு விட்டால், அந்த எதிர்ப்பை உடைக்கும் பூஞ்சை வகை தலையெடுத்துவிடும்.

கேள்வி: திராட்சை வெயிலை விரும்பும் பயிர்தானே? வெப்பம் கூடினால் ஒயினுக்கு என்ன கேடு? – வாசகி, மதுரை

பதில்: இனிப்பு முந்திக்கொள்கிறது, மணமும் நிறமும் பின்தங்கிவிடுகின்றன. சாற்றில் லிட்டருக்குச் சுமார் 17 கிராம் சர்க்கரை இருந்தால் 1 சதவீத ஆல்கஹால் ஆகும். 204 கிராமில் 12 சதவீதம் வரும். 240 கிராமில் 14ஐத் தாண்டும். இரவும் சூடாக இருந்தால் பழத்துக்குப் புளிப்பு தரும் மாலிக் அமிலம் சிதைந்து புளிப்பு போய்விடும். முன்கூட்டியே பறித்தால் தோலும் விதையும் துவர்க்கும், காத்திருந்தால் சாராயக் காட்டம் ஏறும். இரண்டு பக்கமும் இடிதான்.

செலவில்லாத வேலை முதலில்: குலையைச் சுற்றி இலை கிள்ளும்போது காலை வெயில் படும் பக்கம் மட்டும் கிள்ளி, மேற்குப் பக்கத்தை மூடியே விடுவது. அடுத்தது தாமதக் கவாத்து. நுனி மொட்டுகள் வெடித்த பிறகு வெட்டினால் அடி மொட்டுகள் ஓரிரு வாரம் பிந்தி விழிக்கும். நுனித் தளிர் மூன்று இலைக்கு மேல் வளரும்வரை விட்டால் மகசூல் குறையும். வெள்ளைக் களிமண்ணான கயோலினை 100 லிட்டருக்கு 3 கிலோ கரைத்து அடித்தால் பழம் வெம்பாது. மழை வந்தால் மறுபடி அடிக்க வேண்டும். இதெல்லாம் சில ஆண்டுகளுக்குத் தாங்கும். அதற்கு மேல் ரகத்தை மாற்றத்தான் வேண்டும் என்பது எங்கள் எண்ணம். போர்டோ 2021இல் போர்ச்சுகலின் டூரிகா நசியோனால் உட்பட ஆறு புது ரகங்களை ஏற்றது. தோட்டப் பரப்பில் 5 சதவீதம், ஒயின் கலவையில் 10 சதவீதம் என்ற உச்சவரம்போடு!

கேள்வி: பூமி சூடாகிறது என்கிறார்கள், பனியில் கொடி கருகியது என்றும் செய்தி வருகிறது. எதை நம்புவது? – வாசகர், ஊட்டி

பதில்: இரண்டையும். மார்ச் வெயிலில் மொட்டு முன்கூட்டி வெடித்துவிடுகிறது. 2021 ஏப்ரலில் பிரான்ஸில் நடந்ததுபோல் அதன்பின் உறைபனி இறங்கினால், மைனஸ் 2 டிகிரியிலேயே தளிர் செத்துவிடும். எக்டருக்கு 300, 400 மெழுகுப் பந்தங்களை ஏற்றுவது ஒரு வழி. இன்னொன்று தெளிப்பு நீர். நீர் உறையும்போது வெளிவிடும் வெப்பம் தளிரைப் பூஜ்ய டிகிரியில் நிறுத்திவைக்கும். எக்டருக்கு மணிக்கு 40 கனமீட்டர் நீராவது வேண்டும். பனிக்கட்டி தானாக உருகும்வரை நிறுத்தவே கூடாது. நடுவில் பம்பு நின்றால் ஈரம் ஆவியாகித் தளிரை மேலும் குளிரவைக்கும். ஒன்றும் செய்யாமல் விட்ட தோட்டத்தைவிட அதிக சேதம் ஆகும்.

கேள்வி: காட்டுத்தீப் புகை பட்ட திராட்சையைக் கழுவிவிட்டால் போதாதா? – வாசகர், கோவை

பதில்: போதாது. சாம்பல்தான் கழுவினால் போகும். புகையிலுள்ள குவாயகால் போன்ற பொருள்கள் தோல் வழியே உள்ளே புகுந்து சர்க்கரையோடு ஒட்டிக்கொள்ளும். தின்றால் தெரியாது. நொதிக்கும்போதும் குடிப்பவர் எச்சில் பட்டபோதும் அவிழ்ந்து சாம்பல் வாடை அடிக்கும். அறுவடைக்கு முன் சில கிலோ பழத்தை வாளியில் நொதிக்கவிட்டுப் பார்ப்பதும் ஆய்வகச் சோதனையும்தான் காட்டிக்கொடுக்கும். தோலோடு ஊறும் சிவப்பு ஒயினுக்கே ஆபத்து அதிகம். 2020 தீக்குப் பின் கலிபோர்னியாவின் நாபாவில் பல ஆலைகள் அந்த ஆண்டுச் சிவப்பு ஒயினைக் கைவிட்டன.

கேள்வி: போர்டோவில் அரசே பணம் கொடுத்துக் கொடியைப் பிடுங்கச் சொல்கிறதாமே? – வாசகி, புதுச்சேரி

பதில்: ஆம். எக்டருக்கு 6,000 யூரோ, சுமார் 9,500 எக்டர் என்று 2023இல் திட்டம் வந்தது. 1960களில் பிரெஞ்சுக்காரர் ஒருவர் ஆண்டுக்கு 100 லிட்டருக்கு மேல் ஒயின் குடித்தார். இன்று 40 லிட்டர் அளவுதான். கொடியோ நட்டால் முப்பது ஆண்டு காய்க்கும். நெல் போல அடுத்த போகத்தில் மாற்ற முடியாது.

விலை போகாத தோட்டத்தை அப்படியே போட்டுவிட்டால் என்ன என்று கேட்கலாம். கைவிட்ட கொடியில் அடிச்சாம்பல் பெருகும். மஞ்சள் நோய் ஒன்றைப் பரப்பும் தத்துப்பூச்சியும் அங்கே குடியேறிப் பக்கத்துத் தோட்டத்துக்குத் தாவும். தண்டை மட்டும் வெட்டினாலும் பயனில்லை. அங்கே கொடியை அமெரிக்கத் திராட்சையின் வேரில் ஒட்டுக்கட்டித்தான் வளர்க்கிறார்கள்; ஒட்டுக்கு அடியிலுள்ள அந்த வேர்ப்பகுதி மறுபடி துளிர்க்கும், அந்தத் துளிரும் அதே பூச்சிக்கு இருப்பிடம். வேரோடு எடுக்க வேண்டும்.