யாழ்ப்பாணப் படிப்பு: ஓய்வுபெற்ற கணித வாத்தியார் பதில்கள்

கேள்வி (நல்லூர்): சேர், யாழ்ப்பாணம் கல்வியில் விழுந்துவிட்டதா?

எந்தப் பரீட்சை, எந்தப் பிள்ளைகள் என்று முதலில் சொல்லுங்கள். பள்ளிக்கூட வாசலில் உயர்தரப் பரீட்சையில் (ஏ.எல்.) 3 ஏ எடுத்தவர்களின் படம் பதாகையில் தொங்கும். அதற்கு முந்திய சாதாரணதரப் பரீட்சையில் (ஓ.எல்.) கணிதத்தில் தவறியவர்கள் எத்தனை பேர் என்று எந்தப் பதாகையும் சொல்லாது. ஓ.எல். முடிவுகளில் ஒன்பது மாகாணங்களில் வடக்கு கடைசியாக வந்த வருடங்களும் உண்டு. அப்போதும் பதாகை தொங்கியது.

கேள்வி (உடுவில்): 1823 இலேயே வட்டுக்கோட்டையில் செமினரி கண்ட மண்ணல்லவா இது?

உண்மை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் இருவரும் அங்கே படித்தவர்கள்தான். ஆனால் சாதி பார்த்து வாசலோடு திருப்பி அனுப்பப்பட்ட பிள்ளைகள் அந்தப் பெருமைக் கணக்கில் இல்லை. அதுவும் பதாகைக் கணக்குத்தான்.

கேள்வி (பரிஸ்): எல்லாம் தரப்படுத்தல் செய்த வேலை!

எழுபதுகளின் தொடக்கத்தில் தரப்படுத்தல் என்று சொல்லி, பல்கலைக்கழகம் போகத் தமிழில் எழுதிய பிள்ளையிடம் கூடுதல் புள்ளி கேட்டது அநியாயம்தான். இன்றைய அனுமதி முறை வேறு: பொதுவாக 40 வீதம் திறமைக்கு, 55 வீதம் மாவட்டச் சனத்தொகைக்கு, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. இங்கே நம்மவர் கவனிக்காதது சனத்தொகை. 1981 இல் இன்றைய யாழ் மாவட்டத்தில் சுமார் 7 இலட்சத்து 38 ஆயிரம் பேர். 2012 இல் சுமார் 5 இலட்சத்து 83 ஆயிரம். ஆள் குறைந்தால் பங்கும் குறையும். பரிஸில் இருக்கும் நீங்களும் அந்தக் குறைவில் ஒருவர், கோபிக்காதீர்கள்.

கேள்வி (கொக்குவில்): அப்போ மாவட்டக் கோட்டா சரியென்கிறீர்களா? எங்கள் பிள்ளைகளின் இடம் போகிறதே!

தம்பி, கிளிநொச்சி 1984 வரை யாழ் மாவட்டம்தான். அங்கும் முல்லைத்தீவிலும் கணித ஆசிரியர் கிடைக்காமல் படிக்கிற பிள்ளையும், நாலு ரியூசன் போகிற உங்கள் பிள்ளையும் ஒரே கோட்டில் நிற்கவில்லை. கோட்டா பிழையென்று வாதாடும் சிலரே குறைந்த வெட்டுப்புள்ளிக்காக (அனுமதிக்கு வேண்டிய ஆகக்குறைந்த புள்ளி) பிள்ளையை வன்னிப் பள்ளியில் பதிகிறார்கள். அதைப் பற்றியும் எழுதுங்கள்.

கேள்வி (கொக்குவில், மறுபடியும்): அது விதிவிலக்கு, சேர்.

சரி, இருக்கட்டும்.

கேள்வி (மானிப்பாய்): மருத்துவத்துக்கு எவ்வளவு இசட் புள்ளி வேண்டும்?

இதைக் கேட்கும் மூன்றாவது ஆள் நீங்கள். பாடங்களைச் சமன்செய்து கணக்கிடும் இந்த ஏ.எல். புள்ளியில் எவ்வளவு வேண்டும் என்பது வருடத்துக்கு வருடம் மாறும். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கையேட்டைப் பாருங்கள்.

கேள்வி (சாவகச்சேரி): எந்த ரியூட்டரி நல்லது?

தெரிந்தாலும் சொல்லமாட்டேன்.

கேள்வி (பரந்தன்): மகனுக்கு ஓ.எல். கணிதம் போய்விட்டது. மேசன் வேலைக்குப் போகப்போகிறேன் என்கிறான்.

தங்கச்சி, மறிக்கப் பாருங்கள். 13 வருடக் கல்வித் திட்டத்தின் தொழிற்பிரிவில் ஓ.எல். முடிவு பார்க்காமல் சேர்ப்பார்கள். எல்லாப் பள்ளியிலும் இல்லை. வலயக் கல்வி அலுவலகத்தில் கேளுங்கள். கணிதத்தைத் திரும்ப எழுதட்டும். பழைய வினாத்தாள்களை அனுப்பினால் நானே பார்த்துத் தருகிறேன்.