நான்காம் சீசன் முடித்து நான்காம் புத்தகம்: டிரியன், டெனேரிஸ் எங்கே?

சீரியலின் நான்காம் சீசனை முடித்துவிட்டு நான்காம் புத்தகத்தைத் திறந்தால், டிரியன், டெனேரிஸ் என்ற முக்கியப் பாத்திரங்களைக் காணோமே என்று குழம்புகிறீர்களா? நீங்கள் தவறான புத்தகம் வாங்கிவிடவில்லை. ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ சீரியலுக்கு மூலமான நாவல் வரிசையில் நான்காம் புத்தகமான ‘எ ஃபீஸ்ட் ஃபார் க்ரோஸ்’ (2005) நாவலில் அவர்கள் இருவருக்கும் அத்தியாயமே கிடையாது. ஐந்தாம் புத்தகத்தில் (2011), முன்னுரை முடிந்ததும் டிரியன், அடுத்து டெனேரிஸ், அடுத்து ஜான் என்று வரிசையாக வருவார்கள்.

காரணம், கதை பெருத்துப்போய், ஆசிரியர் அதை இரண்டாகப் பிரித்தார். காலவரிசைப்படி அல்ல, ஆட்களையும் இடத்தையும் வைத்து. அதனால் இரண்டு புத்தகமும் பெரும்பாலும் ஒரே சமயத்தில் நடப்பவை. ஐந்தின் பிற்பகுதிதான் நான்கைத் தாண்டிப் போகிறது. சீரியலின் ஐந்தாம் சீசன் இரண்டையும் கலந்துகட்டியது, குழப்பம் அங்கேதான்.

ஒரு சோதனை: பொருளடக்கத்தில் செர்சி, பிரியன் பெயரில் அத்தியாயங்கள் இருக்கின்றனவா? இருந்தால் அது நிஜமான நான்காம் புத்தகம். சில பதிப்புகளில் மூன்றும் ஐந்தும் இரண்டிரண்டு பாகமாக வரும், ஆகவே அட்டையிலுள்ள எண்ணை நம்பாதீர்கள். ஐந்தை வாங்கும்போது இரு பாகமும் இருக்கிறதா என்று பாருங்கள்.

நீங்கள் மூன்றாம் புத்தகத்தைப் படிக்காமல் தாவியிருந்தால் ஒரு சிக்கல் உண்டு. அதன் பின்னுரையில் சீரியல் அடியோடு விட்டுவிட்ட ஒரு திருப்பம் இருக்கிறது (என்னவென்று சொல்லிக் கெடுக்க மாட்டேன்). அது தெரியாமல் நான்கில் பிரியனின் கடைசி அத்தியாயம் புரியாது. அந்தப் பின்னுரையை மட்டுமாவது முதலில் படித்துவிடுங்கள், சில பக்கங்கள்தான்.