படம் பார்க்கும்போது நான் வாயே திறக்கக் கூடாதா?

கேள்வி: விடுமுறை நாள் இரவுகளில் நாங்கள் நால்வரும் வீட்டிலேயே உட்கார்ந்து குடும்பப் படம் பார்ப்போம். எனக்குச் சும்மா உட்கார்ந்து பார்க்க வராது. ‘இவன்தான் வில்லன், பாருங்க’, ‘இந்த இடத்துல அழ வைப்பாங்க’, ‘மாடியிலேர்ந்து விழுந்தவனுக்குச் சட்டைகூடக் கசங்கலையே’ என்று ஏதாவது சொல்லிக்கொண்டே இருப்பேன். மனைவி சிரிப்பாள். போன வாரம் ஒரு படத்தில் நாய் செத்துப்போகும் காட்சி. ‘இந்த நாய்க்கு ஆஸ்கார் குடுக்கலாம்’ என்றேன். 11 வயது மகள் எழுந்து போய்த் தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். ‘அப்பா இருந்தா நான் படம் பார்க்க வரமாட்டேன்’ என்கிறாள். 5 வயது மகன் வேறு ரகம். திரையைவிட என் முகத்தைத்தான் அதிகம் பார்க்கிறான். பயந்தால், ‘எல்லாம் கிராஃபிக்ஸ்டா’ என்று சொல்லிப் பார்க்கிறேன், அடங்க மாட்டேன் என்கிறான். வெறும் படம்தானே மேடம்? இனி நான் ஊமையாக உட்கார வேண்டுமா?

பெயர் வெளியிட விரும்பாத ஓர் அப்பா

பதில்: வேண்டாம். ஊமையாக உட்காரும் அப்பாவைவிட, போனில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு உட்காரும் அப்பாவைவிட, வாயாடும் அப்பா எவ்வளவோ மேல். நீங்கள் படத்தைப் பார்க்கிறீர்கள், பிள்ளைகளோடு பார்க்கிறீர்கள். அதில் எனக்குக் குறை இல்லை.

ஆனால் அந்த நாய் விஷயத்துக்கு வருவோம். உங்களைப் பொறுத்தவரை அது பழக்கப்படுத்தப்பட்ட நாய். காட்சி முடிந்ததும் எழுந்து வாலாட்டியிருக்கும். அந்த நிமிடத்தில் உங்கள் மகளுக்கு அது செத்துப்போன நாய். இரண்டுமே உண்மைதான். அவளுக்கும் அது நடிப்பு என்று தெரியாமல் இல்லை, 11 வயதாகிறது. தெரிந்தும் தன்னை மறந்து கதைக்குள் போயிருந்தாள். அப்படிப் போகத்தானே படம் பார்க்கிறோம்? நீங்கள் கிண்டல் செய்தது நாயை. அவள் காதில் விழுந்தது, ‘இதுக்கெல்லாமா அழறே’ என்று.

கடிதத்தில் ஒன்றை நீங்கள் எழுதவில்லை. உங்கள் ஜோக்குக்கு அன்றும் மனைவி சிரித்தாரா? சிரித்திருந்தால், அறையில் இருந்த பெரியவர்கள் இரண்டு பேரும் ஒரு பக்கம், கண்ணீரோடு அவள் மட்டும் இன்னொரு பக்கம். அழுவதை யாராவது பார்த்துவிடுவார்களோ என்று கூச்சப்படத் தொடங்கும் வயது வேறு. நானாக இருந்தாலும் கதவைச் சாத்தியிருப்பேன்.

இன்னொன்றும் கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்த ஜோக் வருவதற்கு ஒரு நொடி முன்னால் உங்களுக்கும் தொண்டை அடைத்ததா? என் அப்பாவுக்கு அழுகைக் காட்சி வந்தால் மட்டும் தண்ணீர் தாகம் எடுக்கும். எழுந்து போய்விட்டு, காட்சி முடிந்த பிறகு ஒன்றும் நடக்காதவர்போல வந்து உட்காருவார். முகத்தை வேறு கழுவியிருப்பார். சிலருக்குத் தண்ணீர், சிலருக்கு ஜோக். நீங்கள் இரண்டாவது ஜாதியாக இருக்கலாம்.

மகனுக்கு வருவோம். அவன் உங்கள் முகத்தைப் பார்ப்பதை நீங்கள் கவனித்திருப்பதே பெரிய விஷயம். 1985இல் வெளியான ஓர் ஆய்வு குழந்தை உளவியல் படிப்பவர்களுக்கெல்லாம் மனப்பாடம். ஒரு கண்ணாடித் தளம். அதன் ஒரு பாதியில் தரை ஒட்டினாற்போலத் தெரியும், மறுபாதியில் சுமார் ஓர் அடி கீழே இறங்கியிருக்கும். போகலாமா வேண்டாமா என்று குழம்ப வைக்கிற ஆழம். ஒரு வயதுக் குழந்தையை இந்தப் பக்கம் விட்டு, அம்மாவை எதிர்ப்பக்கம் நிறுத்தினார்கள். குழந்தை தவழ்ந்து விளிம்புக்கு வரும், குனிந்து பார்க்கும், நிமிர்ந்து அம்மாவின் முகத்தைப் பார்க்கும். அம்மா சிரித்த முகமாக இருந்தபோது 19 குழந்தைகளில் 14 பேர் கடந்து போனார்கள். அம்மா பயந்த முகம் காட்டியபோது 17 பேரில் ஒருவர்கூடப் போகவில்லை. யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை என்பதைக் கவனியுங்கள்.

உங்கள் மகனும் விளிம்பில் நின்றுதான் உங்களை நிமிர்ந்து பார்க்கிறான். ‘அப்பா, இது பயப்பட வேண்டிய இடமா, சிரிக்கிற இடமா?’ திரையில் பூதம் வாயைப் பிளக்கும்போது நீங்கள் நிதானமாக இருந்தால், அவனுக்குப் பாதிப் பதில் கிடைத்துவிடும். அவன் படத்தைத் தவறவிடுகிறானே என்று கவலைப்பட வேண்டாம்.

‘எல்லாம் கிராஃபிக்ஸ்டா’ பலிக்காததற்கும் காரணம் இருக்கிறது. சின்னப் பிள்ளைகளை மிரட்டுவது பெரும்பாலும் தோற்றம். 1986இல் வந்த இன்னொரு ஆய்வில், சாதாரண மனிதன் பச்சை ராட்சசனாக உருமாறும் ஹல்க் தொடரைப் பல வயதுப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டினார்கள். ஹல்க் நல்லவன், ஆபத்தில் இருப்பவர்களைக் காப்பாற்றத்தான் வருகிறான். பெரிய பிள்ளைகளுக்கு அது புரிந்ததால் அவன் வந்ததும் பயம் குறைந்தது. பள்ளி வயதை எட்டாத பிள்ளைகளோ அவன் உருமாறிய பிறகுதான் அதிகம் பயந்தார்கள். ஐந்து வயதுக்காரனிடம் விளக்கம் செல்லாது. பக்கத்தில் இழுத்து உட்காரவைத்து முதுகில் கையை வையுங்கள், அது போதும். மிகவும் மிரண்டால் சத்தத்தைக் குறையுங்கள், விளக்கைப் போடுங்கள். பாதியில் நிறுத்திவிட்டாலும் குடி முழுகிப்போகாது. அந்த கிராஃபிக்ஸ் விளக்கத்தை உங்கள் மகளிடம் சொல்லிப் பாருங்கள், எப்படிச் செய்தார்கள் என்று துருவித் துருவிக் கேட்பாள்.

வில்லனை முன்கூட்டியே காட்டிக்கொடுப்பதை மட்டும் விட்டுவிடுங்கள். நீங்கள் நானூறு படம் பார்த்தவர், அவர்கள் நாற்பது. அந்த வில்லனைத் தாங்களே பிடிக்கிற சந்தோஷத்தை உங்கள் அனுபவம் தட்டிப் பறிக்கிறது. வாய் அரித்தால், ‘யார் மேல சந்தேகம்?’ என்று கேளுங்கள். உங்கள் ஊகத்தை ஒரு சீட்டில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கடைசியில் எடுத்துக் காட்டுங்கள். தப்பாகப் போனால் பிள்ளைகளுக்கு இரட்டிப்புக் கொண்டாட்டம்.

நீங்கள் எழுதாத ஒன்று. ‘குண்டனைப் பாரு’, ‘பொம்பளை மாதிரி அழறான்’, ‘இந்த மூஞ்சிக்கு ஹீரோவா’. இந்த மாதிரி வாய்தவறி வருகிற கமெண்ட் உண்டென்றால் இன்றோடு நிறுத்துங்கள். அது திரையோடு போகாது. கண்ணாடி முன்னால் நிற்கும்போது உங்கள் மகளுக்கும், அழுகை வரும்போது உங்கள் மகனுக்கும் அந்தக் குரல் திரும்பக் கேட்கும்.

இப்போது மகளிடம் என்ன செய்வது? உட்காரவைத்துப் பேசாதீர்கள், ஓடிவிடுவாள். ஏதாவது வேலை செய்துகொண்டிருக்கும்போது, முகம் பார்க்காமல், ‘அன்னிக்கு நீ அந்த நாய்க்காக வருத்தப்பட்டுட்டு இருந்தே, நான் குறுக்கே ஜோக் அடிச்சுட்டேன். தப்புதான்’ என்று சொல்லுங்கள். உங்களுக்கும் தொண்டை அடைத்தது உண்மையானால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். உண்மையில்லை என்றால் சொல்ல வேண்டாம், கண்டுபிடித்துவிடுவாள். உடனே பதிலை எதிர்பார்க்காதீர்கள். ‘ம்’ என்றாலே வெற்றி.

அடுத்த படத்தை அவள் தேர்ந்தெடுக்கட்டும். ரிமோட்டும் அவளிடமே இருக்கட்டும். நீங்கள் எல்லை தாண்டினால் உங்கள் மேல் எறிய ஒரு தலையணையும் கொடுங்கள். முதல் நாள் நிறைய அடி வாங்குவீர்கள்.

அதற்கு முன்னால் ஒன்று பாக்கி இருக்கிறது. அவள் பாதியில் எழுந்து போனாளே, அந்தப் படத்தின் முடிவை அவள் பார்த்தாளா? நாய் செத்த பிறகு அந்தக் கதையில் யார் யாரைத் தேற்றினார்கள் என்று அவளுக்குத் தெரியுமா? மிச்சத்தைச் சேர்ந்து பார்க்கலாமா என்று கேட்டுப் பாருங்கள். வந்தால், நாய் உயிரோடு ஓடியாடும் காட்சியிலிருந்து போடுங்கள். சட்டை கசங்காதவன் வந்தால் தாராளமாகச் சிரித்துக்கொள்ளுங்கள். அதைப் படித்துவிட்டு நானும் சிரித்தேன்.